தலைவருக்கு ஒரே மகள்

அன்றைக்கு அந்தச் சின்னத் திரையரங்கில் "நானும் இருந்தேன்" என்று சொல்பவர்களை எல்லாம் கூட்டிவைத்தால் துறைமுகத்து மைதானம் போதாது. உண்மையில் இருந்தவர்கள் இவர்கள்தான். தலைவரின் மூத்த மகள், தெருவில் எல்லோருக்கும் ஜட்ஜம்மா. கோர்ட்டுப் படி ஏறியவள் அல்ல, யார் வீட்டு விஷயமானாலும் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பெயர். அவளுடைய தம்பி, பல் டாக்டர். தம்பியின் மனைவி. தலைவரோடு மூட்டை சுமந்து, பின்னாளில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராகி ஓய்வுபெற்ற கொக்கிக்காரர். மூட்டையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கியை இன்னும் இடுப்பிலிருந்து எடுக்காதவர். படத்தின் டைரக்டர். கதை எழுதியவர். தலைவராக நடித்த நடிகர். தலைவரின் மகளாக நடித்த பெண். கடைசி வரிசையின் ஓரத்தில், ஜட்ஜம்மா அழைக்காத ஒருத்தி: தலைவரின் இளைய மகள். படம் ஓட்டியவரையும் சேர்த்தால் பத்துப் பேர். பதினோராவது ஆள் கிடையாது.

தலைவர் யார் என்று துறைமுகத்தில் கேட்டால் வாய் திறக்காமல் சிலையைக் காட்டுவார்கள். கப்பலில் இருந்து ஒரு மூட்டையும் இறங்காமல் மழைக்காலம் முழுவதும் துறைமுகத்தை நிறுத்திவைத்த மனிதர். அரசாங்கம் அவரைச் சல்லடை போட்டுத் தேடியது. அவர் கப்பல் கயிறு அடுக்கும் கிடங்கின் மேல்மாடியில், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே ஒளிந்திருந்தார். சாப்பாடு வீட்டிலிருந்து போயிற்று. ஒரு விடியற்காலை போலீஸ் நேராக அந்த மாடிக்கே ஏறியது. கொண்டுபோனவர்கள் அவரை உயிரோடு திருப்பித் தரவில்லை.

அவருக்கு இரண்டு பெண்கள், கடைசியில் ஒரு ஆண் குழந்தை. மூத்தவளைப் பெரிசு என்பார், இளையவளைச் சிறுசு என்பார். சாப்பாடு கொண்டுபோனது சிறுசு. பக்கத்துத் தெருவில் மாலுமிகள் தங்கும் விடுதிக்குத் துணி வெளுத்துக் கொண்டுபோகிறவள் மாதிரி, துணிக்கூடைக்கு அடியில் தூக்குப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, போலீஸ்காரர்களைத் தாண்டித் தினமும் போனாள். வயது பதினாறு. பெரிசு ஒருநாளும் போகவில்லை. முதல் நாள் கூடையை அவள் கையில்தான் கொடுத்தாள் தாய். வாசல்வரை போனவள், தெருமுனையில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் திரும்பி வந்து, அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். தாய் கூடையை வாங்கிச் சிறுசிடம் கொடுத்தாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

போய்வந்துகொண்டிருந்தவளைத்தானே பின்தொடர முடியும்? அலமாரிக்குப் பின்னால் இருந்தவளையா? சிறுசைத்தான் பின்தொடர்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தலைவர் இறந்த பிறகு ஊரில் வேறு ஒரு பேச்சு உலாவியது. சிறுசு, செருப்புத் தைக்கிறவன் வேஷத்தில் முக்கில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரனிடம் மயங்கிவிட்டாளாம். அப்பன் இருக்கும் இடத்தை அவன் காதில் ஓதிவிட்டாளாம். அந்தப் பேச்சு எந்த வாயிலிருந்து புறப்பட்டது என்று ஒருவரும் தேடவில்லை. தேடியிருந்தால் தலைவர் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்திருப்பார்கள்.

தாய் இருந்தவரை சிறுசு வீட்டில் இருந்தாள். தாயை எடுத்த மறுநாள் பெரிசு கதவைத் தாழ்போட்டாள். "அப்பா பேர் இந்த வீட்டுல இருக்கணும்னா நீ இருக்கக் கூடாது" என்றாள். சிறுசு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ரத்தம் தோய்ந்த போர்வைகளை வெந்நீர்த் தொட்டியில் புரட்டியே காலம் போயிற்று. அப்பனைக் காட்டிக்கொடுத்தவளை யார் கட்டுவார்கள்? ஒருவரும் கட்டவில்லை. அக்கா தங்கை பேசி ஐம்பது வருஷம் ஆகிறது.

படக் கம்பெனி வந்தது போன வருஷம்.

ஜட்ஜம்மா அவர்களை முன்னறையில் உட்காரவைத்தாள். தலைவரின் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது என்று கையைக் காட்டியே தடுத்தாள். டைரக்டருக்குத் தேவை இரண்டு: படம் பிடிக்க அந்த வீடு, நடிகர் போட்டுக்கொள்ளத் தலைவரின் மூக்குக்கண்ணாடி. இரண்டும் ஜட்ஜம்மாவின் பிடியில்.

"எல்லாம் தரேன்" என்றாள் அவள். "ஒண்ணு மட்டும். எங்க அப்பாவுக்கு ஒரே பொண்ணு."

கதை எழுதுகிறவர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பொண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்களேம்மா."

"சொல்றவங்க வீட்டுல போய்ப் படம் எடுங்க."

தண்ணீர் கொண்டுவந்த தம்பி மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜட்ஜம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏம்மா, உனக்கு எத்தன நாத்தனார்?"

"எத்தனன்னு நீங்களே சொல்லிடுங்க அண்ணி. அப்படியே வெச்சுக்கறேன்."

தம்பி இருமினான். அவன் தொட்டிலில் கிடந்த காலத்துக் கதை அது. அக்கா சொன்னதுதான் அவனுக்கு வேதம். சின்னக்காவைத் தெருவில் பார்த்தால் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொள்ளப் பழகியிருந்தான்.

எழுதுகிறவர் விட்டுக்கொடுத்தார். "பண்ணலாம்மா. இது எங்க தொழில்ல சகஜம். சங்கத்துல அப்ப ஏழு பேர் முன்னால நின்னாங்க. படத்துல ரெண்டே பேர். ஆள்தான் கொறையும், நடந்தது எதையும் விடமாட்டோம். போன ஆள் செஞ்சத எல்லாம் இருக்கிற ஆள் செய்வாங்க."

ஜட்ஜம்மாவின் காதில் "ஆள் கொறையும்" என்பது மட்டும் விழுந்தது. அவள் கண் நடிகர்மேல் இருந்தது. "கண்ணாடிய ஒத்தக் கையால கழட்டாதீங்க. அப்பா ரெண்டு கையாலதான் கழட்டுவாரு."

நடிகர் இரண்டு கையாலும் கழற்றிக் காட்டினார். அவள் தலையசைத்தாள்.

"அப்போ சாப்பாடு கொண்டு போனது?" என்று கேட்டார் எழுதுகிறவர்.

"வீட்டுப் பொண்ணு கொண்டு போச்சு."

அது பொய் இல்லை. அந்த வீட்டில் பொய் சொல்வதில்லை. கேட்கிறவர் தப்பாக எடுத்துக்கொண்டால் அது கேட்கிறவர் பாடு.

"அவர் எப்படிம்மா மாட்டினார்?"

இந்த இடத்தில் அவள் வாயை மூடியிருக்கலாம். ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் வழுக்கி ஓடும் கதை, நிற்கவில்லை. முக்கில் உட்கார்ந்திருந்த செருப்புக்காரன், அவன் உண்மையில் போலீஸ்காரன், அவனிடம் ஒருத்தி பல்லை இளித்துக்கொண்டு நின்றது, அவன் வாங்கிக்கொடுத்த சிவப்பு ரிப்பன், அவன் கேட்காமலே அவள் கொட்டிவிட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். ரிப்பன் அன்றைக்குத்தான் புதிதாக முளைத்தது.

"இதெல்லாம் யாரும்மா?"

"பேரச் சொல்ல மாட்டேன். அந்த மூதேவியத்தான் படத்துல எடுக்க வேணாங்கறேன். எடுத்தா எங்க வீட்டு மானம் போயிடும்."

எழுதுகிறவர் மகிழ்ந்துபோனார்; படத்துக்கு வேண்டிய திருப்பம் கிடைத்துவிட்டது. கிளம்பும்போது ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "ஒத்தப் பொண்ண எதுக்கும்மா பெரிசுன்னு கூப்பிடணும்? யாருக்குப் பெரிசு?"

"அப்பா அப்படித்தான் கூப்பிட்டாரு. அது மாறக் கூடாது."

மாறவில்லை. படத்தில் தலைவர் தன் ஒரே மகளை வாய்க்கு வாய் பெரிசு என்றுதான் கூப்பிட்டார்.

படம் முடிந்ததும் குடும்பத்துக்குப் போட்டுக்காட்ட ஏற்பாடு செய்தார்கள். சிவப்பு நாற்காலிகள், துணி ஒட்டிய சுவர்கள், சில்லென்ற காற்று. ஜட்ஜம்மா நடுவரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்காலிக்கு முதுகு இருப்பது அவளுக்குத் தெரியாத மாதிரி. படம் வெளியாகும் அன்று துறைமுக வாசலில், தலைவர் சிலைக்குப் பக்கத்தில் மேடை போட்டு அவளுக்குச் சால்வை போர்த்துவதாகச் சங்கத்தில் முடிவாகியிருந்தது. இதற்காகத்தான் இத்தனை காலம் விறைத்து நின்றாள் என்று சொன்னாலும் தப்பில்லை. தலைவருக்குப் பின் தலைவர் வீடு என்றால் அவள்தான் என்று ஊர் பார்க்க வேண்டும்.

விளக்கு அணைவதற்குச் சற்று முன் கதவு திறந்தது. இளையவள் வந்தாள். வெந்நீரில் வெந்துவெந்து தோல் சுருங்கிய கைகளைப் பைக்குள் மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"யார் கூப்பிட்டா?" என்றாள் ஜட்ஜம்மா, திரும்பாமல்.

"நான்தாம்மா" என்றார் டைரக்டர். "தலைவர் சம்பந்தப்பட்ட எல்லாரும் இருக்கட்டுமேன்னு."

"சம்பந்தம் இல்லாதவங்கள எல்லாம் கூப்பிட்டா நாற்காலி பத்தாது."

படம் ஓடியது. முதல் பாதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடிகர் தலைவரைப் போலவே நடந்தார், தலைவரைப் போலவே இருமினார். அந்த இருமல் அவரை விட்டுப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தும் இருமிக்கொண்டிருந்தார். மகளாக நடித்த பெண் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது பார்க்கிற எல்லோருக்கும் மூச்சு நின்றது. போலீஸ்காரன் கூடைக்குள் கையை விடுகிறான். அவள் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "மாலுமிங்க உள்ளாடைய்யா, வேணும்னா மோந்து பாருங்க" என்கிறாள். அவன் கையை உதறுகிறான். தம்பி கைதட்டினான்.

பக்கத்தில் இருந்த நடிகை இருட்டில் ஜட்ஜம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, அது நீங்கதானே? நிஜமாவே இப்படித்தான் பேசினீங்களா?"

அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இருந்த ஒட்டடை வாசனை அந்தக் குளிர்ந்த காற்றிலும் ஜட்ஜம்மாவின் மூக்கில் ஏறியது. ஏறியதும் அதை அடக்கிவிட்டாள்.

"ஆமா" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி.

முன்வரிசையில் இருந்த கொக்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அந்த மழைக்காலம் முழுவதும் ஜெயிலில் கிடந்தவர் அவர், கூடையை யார் கொண்டுபோனது என்று நேரில் பார்க்காதவர். "பெரிசு, நீயா போன? நான் சிறுசுன்னுல்ல இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

"உங்களுக்கு வயசாயிடுச்சு அண்ணே."

"அது சரிதான்" என்று அவர் திரும்பிக்கொண்டார்.

கடைசி வரிசையில் இளையவள் பையை மடிமேல் இழுத்துக்கொண்டாள்.

இரண்டாவது பாதியில், கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே பெண்ணின் செருப்பு வார் தெருமுக்கில் அறுந்தது. அங்கே ஒரு செருப்புக்காரன் உட்கார்ந்திருந்தான். அழகன். அவன் தைத்துக்கொண்டே பேசினான், அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அடுத்த நாள் அறுந்துபோகாத வாரைத் தானே பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாள் அவன் சிவப்பு ரிப்பன் கொடுத்தான். அவள் கூந்தலில் அதை அவனே கட்டினான். அப்போது அவன் காதில் அவள் சொன்னாள், "எங்கப்பா கயித்துக் கிடங்குல இருக்காரு. யார்கிட்டயும் சொல்லிடாத."

நடிகையின் கை ஜட்ஜம்மாவின் கையிலிருந்து மெல்ல நழுவியது.

விடிகாலையில் பூட்ஸ் கால்கள் மாடி ஏறின. தலைவர் இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். கைவிலங்கோடு இறங்கியவர், தெருவில் நின்ற மகளையும் அவள் தலையில் இருந்த ரிப்பனையும் பார்த்தார். "பெரிசு, நீயா?" என்றார். நடிகர் அந்த இடத்தில் நன்றாகத்தான் செய்திருந்தார்.

விளக்கு எரிந்தது. யாரும் எழவில்லை. தலைவராக நடித்தவர் ஒருமுறை இருமினார்.

கொக்கிக்காரர்தான் முதலில் எழுந்தார். நாற்காலிக்கு நாற்காலி கை ஊன்றி ஜட்ஜம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"பெரிசு, படத்துல பாதி நீன்னு சொன்ன. மிச்சப் பாதி யாரு?"

அவள் வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐம்பது வருஷம். சிறுசு எதிர்ல வந்தா ரோட்டுல காறித் துப்பிட்டுப் போயிருக்கேன். என் பொண்டாட்டி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கெடந்தப்ப, அவ வெளுத்த போர்வைன்னு தெரிஞ்சு வேணாம்னு தூக்கிப் போட்டவன் நான். யார் சொன்னத நம்பி? நீ சொன்னத நம்பி."

"அண்ணே, அது வேற. அந்தப் பாதி அவ" என்றாள் ஜட்ஜம்மா. குரல் நிமிர்ந்தே இருந்தது.

"எவ? படத்துல வேற எவளும் இல்லையே."

தம்பி எழுந்து நின்றான். கடைசி வரிசையைப் பார்த்தான். "சின்னக்கா, நீ சொல்லேன். நீதானே அது?" வாழ்நாளில் அவளை முதல்முறையாக அவன் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

இளையவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நான் என்னத்தடா சொல்ல? நான்தான் பொறக்கவே இல்லையே. பொறக்காதவ எதப் பாத்தேன்னு சாட்சி சொல்றது?"

"தங்கச்சி" என்று கொக்கிக்காரர் கும்பிடக் கையைத் தூக்கினார். "தப்பு பண்ணிட்டோம். மன்னிச்சிடு."

"கைய எறக்குங்கண்ணே. துப்பினது துப்பினதுதான், அது திரும்பி வாய்க்குள்ள போகாது. துப்பாம இருக்க முடியலன்னா ஆள மாத்திக்கங்க. அதோ, நடுவரிசையில இருக்கு."

தம்பி மனைவி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று யாராலும் பார்க்க முடியவில்லை.

ஜட்ஜம்மா டைரக்டரிடம் திரும்பினாள். "அந்தச் செருப்புக்காரன எடுத்துடுங்க."

"முடியாதும்மா. அத எடுத்தா அவர் எப்படி மாட்டினார்னு யாருக்கும் புரியாது. அதுவும் அது நீங்களே சொன்னதுதானே? ரிப்பன்கூட."

"அப்போ ரெண்டு பொண்ணு வைங்க."

அதைச் சொல்ல அவளுக்கு ஐம்பது வருஷம் ஆயிற்று. கடைசி வரிசையில் இளையவள் தலையை நிமிர்த்தினாள்.

கதை எழுதியவர் கெட்டவர் அல்ல. தொழில் தெரிந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வைக்கலாம்மா. கொஞ்சம் திரும்ப எடுக்கணும், எடுத்துடலாம். சின்னப் பொண்ணு ஒருத்தி. சாப்பாடு கொண்டு போறவ அவ, செருப்புக்காரன்கிட்ட நிக்கிறதும் அவ. சரி. அப்போ பெரிய பொண்ணு? அவங்க அந்த நேரத்துல எங்க இருந்தாங்கன்னு காட்டட்டும்? என்ன செஞ்சாங்க?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கொக்கிக்காரர், தம்பி, அவன் மனைவி, தலைவரின் கண்ணாடியை இன்னும் சட்டைப்பையில் வைத்திருந்த நடிகர். நடிகை மட்டும் இல்லை; அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜட்ஜம்மாவுக்குச் சொல்ல இரண்டே வார்த்தை இருந்தது: அலமாரிக்குப் பின்னால். சொன்னால், வாசலே தாண்டாதவள் தெருமுக்கில் நடந்ததை எப்படிப் பார்த்தாள் என்று கேட்பார்கள், தங்கை மேல் போட்ட பழி தீரும். காதல், ரிப்பன், போலீஸ்காரன் எல்லாம் தான் கட்டியது என்று வெளியே வரும். அதோடு படத்தில் அவளுக்கு இடமும் இருக்காது. அப்பனைக் காட்டிக்கொடுத்த மகளையாவது ஊர் பேசும். அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை யார் பேசுவார்கள்?

அவள் மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கைக்குத் தெரியும். கூடையை வாங்கிக்கொண்ட அன்று அலமாரிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த அக்காவின் கால்விரல்களைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாசலைத் தாண்டினாள். இப்போதும் அதே மாதிரி குனிந்து அக்காவின் காலைப் பார்த்தாள்.

"படம் இப்படியே இருக்கட்டும்" என்றாள் ஜட்ஜம்மா.

"அக்கா" என்றான் தம்பி.

"இருக்கட்டும்னு சொன்னேன். பெரிசுன்னு பேர் இருக்குல்ல, அது போதும்."

"சால்வை?" என்று எதற்கோ கேட்டுவைத்தாள் தம்பி மனைவி.

கொக்கிக்காரர் பதில் சொன்னார். "அது இனிமே கெடையாதும்மா."

ஜட்ஜம்மா எழுந்தாள். முதுகு வளையவில்லை. எல்லோரையும் தாண்டி, தங்கையின் வரிசையையும் தாண்டி நடந்தாள். நடிகர் ஓடிவந்து கண்ணாடியை நீட்டினார். ஒற்றைக் கையால் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

படம் வெளியாகி நன்றாக ஓடியது. துறைமுக வாசலில் மேடை போட்டார்கள். குடும்பத்துக்கென்று போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. இளையவளைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "படத்துல இல்லாதவளுக்கு மேடையில என்ன வேலை" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். ஜட்ஜம்மா வீட்டுக் கதவில் யாரோ இரண்டு தடவை சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். அவள் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை.

இப்போது ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அன்று படம் பார்த்துவிட்டு வெளியே வந்த அக்கா, வாசலில் தங்கையின் காலில் விழுந்தாள். தங்கை அவளைத் தூக்கி நிறுத்தினாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு ஒரே காரில் வீடு திரும்பினார்கள் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. யாரும் அழவில்லை. மூத்தவள் தம்பியின் காரில் போனாள். இளையவள் நடந்துபோய்ப் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். கார் அவளைக் கடந்துதான் போனது. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. அவளும் கை காட்டவில்லை.